‘ஒண்ணுமில்ல’ என்று மட்டும் சொல்லும் மகனிடம் பேசுவது எப்படி?

சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் ஒரு தாய் தன் மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவன், இப்போது உயர்நிலை மூன்றில் இருக்கிறான். தொடக்கப்பள்ளி நாள்களில் வீட்டுக்குள் நுழையும்போதே கதை சொல்லிக்கொண்டு வந்த பிள்ளை, இப்போது எதைக் கேட்டாலும் ‘ஓகே’, ‘நத்திங்’, ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். கணவர் கோபத்தில் சத்தம் போடுகிறார். மாமியார் “நம்ம காலத்துல இப்படியெல்லாம் உண்டா” என்கிறார். பையன் இன்னும் ஒடுங்கிப்போகிறான். அவனை மறுபடி பேச வைக்க என்ன வழி, அவனுடைய கைப்பேசியை எடுத்துப் பார்க்கலாமா, கணவரின் கோபத்தை எப்படிச் சமாளிப்பது என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

நீண்ட பதிலாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுவதைப் பல ஆண்டுகள் வேலையாகச் செய்திருக்கிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகளை இந்த வயதைத் தாண்டி வளர்த்தும் இருக்கிறேன். இரண்டிலும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் மூச்சு விடுங்கள். 15 வயதில் கதவைச் சாத்திக்கொள்வது மட்டுமே நோய்க்கு அடையாளம் இல்லை. தனக்கென்று ஓர் இடமும் சில இரகசியங்களும் வைத்துக்கொள்ளப் பழகும் வயது அது. நான்கு அறை வீட்டில் ஐந்தாறு பேர் இருக்கும்போது அந்த இடம் பல பிள்ளைகளுக்கு ஒரு கட்டில் அளவுதான் கிடைக்கிறது. ஆனால் கதவு சாத்திக்கொள்வதும் மனத்தைச் சாத்திக்கொள்வதும் ஒன்றல்ல. உங்களுக்கு உறுத்துவது இரண்டாவது என்று நினைக்கிறேன்.

2000ஆம் ஆண்டில் சுவீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 14 வயதுப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், யாருடன் பழகுகிறார்கள் என்பது பெற்றோருக்கு எப்படித் தெரியவருகிறது என்று பார்த்தார்கள். கண்காணிக்கும் பெற்றோருக்கு அதிகம் தெரியும் என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். கிடைத்த விடை வேறு. பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பகுதி, பிள்ளைகள் தாங்களாக வந்து சொன்னது. துருவிக் கேட்டதாலும் கட்டுப்படுத்தியதாலும் கிடைத்தது அதைவிடக் குறைவு.

இதை நான் என் பணியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பிள்ளை நம்மிடம் ஒன்றைச் சொல்லும்போது மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுகிறது. சொன்னால் என்ன ஆகும்? திட்டு விழுமா, அறிவுரை வருமா, பாட்டிக்கும் சித்திக்கும் செய்தி போகுமா, கைப்பேசி பறிபோகுமா? சொல்லாவிட்டால் எதுவும் ஆகாது. அந்தக் கணக்கில் ‘ஒண்ணுமில்ல’ என்பதே மலிவான பதில். ஆகவே உங்கள் முதல் கேள்வியை நான் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்கிறேன். அவன் கடைசியாக உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொன்னபோது என்ன நடந்தது?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் உயர்நிலை இரண்டில் இருந்தபோது, ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, பள்ளிக் கழிவறையில் ஒரு தோழி வேப் (மின்சிகரெட்) வைத்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன்: “யாரு அது? நீ தொட்டியா? உண்மையைச் சொல்லு. இனிமே அவகூடச் சேரவே கூடாது.” மறுநாள் காலையில் வகுப்பாசிரியருக்குத் தொலைபேசியும் செய்தேன். எல்லாம் அக்கறைதான். ஆனால் அதற்கப்புறம் ஓர் ஆண்டுக்குமேல் அவள் என்னிடம் பள்ளியைப் பற்றி மதிப்பெண்ணைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் ஒருநாள் அவளே சொன்னாள்: “அன்னைக்கு வேப் வச்சிருந்தது அவ. உங்ககிட்ட சொன்னதுக்கு மாட்டிக்கிட்டது நான்மா.” வகுப்பில் யாரும் அவளிடம் பேசாமல் இருந்த அந்த மாதங்கள் எனக்குத் தெரியவே இல்லை. அவளுக்கு ஆள் தேவைப்பட்ட நேரத்தில் நான் அந்த ஆளாக இல்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அன்று நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “என்கிட்ட சொன்னியே, நல்லது. பாத்தப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?” அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் மறுநாள் பேசலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வேப் வைத்திருப்பதும் வாங்குவதும் பயன்படுத்துவதும் குற்றம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த ‘கேபாட்’ வேப் 2025 செப்டம்பர் 1 அன்று போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. அதே சமயம், தாமாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. இந்தப் பழக்கத்தை விட உதவும் குவிட்லைனை 1800 438 2000 என்ற எண்ணில் அழைக்கலாம். இந்தத் தகவல்கள் பிள்ளைக்கு உதவும். ஆனால் அவன் சொல்லி முடித்த முதல் பத்து விநாடியில் இவை வந்தால் மிரட்டலாகத்தான் கேட்கும். ஒரு நாள் தள்ளி வந்தால் அதே தகவல் துணையாக இருக்கும்.

எனவே இனி அவன் தவறிப்போய் எதையாவது சொல்லும்போது, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அந்தப் பத்து விநாடியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அவன் பரீட்சித்துப் பார்ப்பது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான். “இன்னைக்குச் சாரு என்னைத் திட்டிட்டாரு” என்பான். “நீ என்ன செஞ்சே?” என்று கேட்டால் கதவு மூடிவிடும். “ஐயோ, எல்லார் முன்னாடியுமா?” என்று கேட்டால் அடுத்த வாக்கியம் வரும். ஆசிரியர் திட்டியது சரியா தப்பா என்ற தீர்ப்பை அந்த நேரத்தில் உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

‘கேள்’ என்ற நம் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காது கொடுப்பதும் கேட்பதுதான், கேள்வி போடுவதும் கேட்பதுதான். பெரும்பாலான வீடுகளில் நாம் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு முதலாவதையும் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நம் பாட்டிமார் கதை சொல்லும்போது ‘ஊம்’ கொட்டச் சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஊம் கொட்டுவது நின்றால் கதையும் நிற்கும். 1957இல் கார்ல் ராஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்ற உளவியலாளர்கள் ஈடுபாட்டுடன் கேட்பது பற்றி ஒரு சிறு நூல் எழுதினார்கள். எதிரில் இருப்பவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்டு, நாம் புரிந்துகொண்டதை அவருக்கே திருப்பிச் சொல்லி, சரிதானா என்று பார்த்துக்கொள்வதுதான் அதன் சாரம். இன்று உலகமெங்கும் ஆலோசகர்களுக்குக் கற்றுத்தருவதும் இதைத்தான். பாட்டிக்கு ஊம் கொட்டத் தெரிந்தவர்களுக்குப் பாதி வந்துவிட்டது. மீதி, “அப்ப உன்னைக் கேக்காமலே அவங்களா முடிவு பண்ணிட்டாங்க, அதான் உனக்குக் கோவம்” என்று ஒரே ஒரு வரி. தப்பாகச் சொன்னால் அவனே திருத்துவான். “கோவம் இல்லம்மா, அசிங்கமா இருந்துச்சு” என்பான். அந்தத் திருத்தம் நீங்கள் நூறு கேள்வி கேட்டாலும் கிடைக்காது.

இன்னொரு சிறிய விஷயம், பலன் பெரிது. ‘ஏன்’ என்ற சொல்லை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். நம் வீடுகளில் ‘ஏன்’ கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு. ‘ஏன் லேட்டு?’, ‘ஏன் மார்க் குறைஞ்சுது?’, ‘ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?’ இவற்றில் எதற்கும் நாம் காரணத்தை எதிர்பார்ப்பதில்லை. பையனுக்கும் அது தெரியும். ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள். அதே விஷயம்தான். ஆனால் ‘ஏன்’ அவனைக் கூண்டில் நிறுத்துகிறது; ‘என்ன ஆச்சு’ நடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறது. ‘ஸ்கூல் எப்படி இருந்துச்சு?’ என்பதையும் விட்டுவிடலாம். அதற்கு ‘ஓகே’ தவிர வேறு பதில் நானும் சொல்ல மாட்டேன்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். சிங்கப்பூரில் பள்ளி காலை 7.30 மணிவாக்கில் தொடங்குகிறது. பல பிள்ளைகள் ஆறு மணிக்கு முன்பே எழுகிறார்கள். பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, டியூஷன் எல்லாம் முடித்து ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழையும் பிள்ளையிடம் செருப்பைக் கழற்றும் முன்பே விசாரணை தொடங்கினால் ஒன்றும் தேறாது. மேலும், பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் பெரியவர்களுக்குச் சுரக்கும் நேரத்தைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. இரவு பத்தரைக்கு நாம் கொட்டாவி விடும்போது அவன் விழிப்பாக இருப்பதற்குத் திமிர் காரணமில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதில் பாதிக்குமேல் கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். முறைப்பு, எரிச்சல், ஒற்றைச்சொல் பதில் என்று நாம் வருந்துவதில் ஒரு பங்கு வெறும் தூக்கமின்மை. அந்தப் பங்குக்குப் பேச்சு மருந்தாகாது. ஒரு டியூஷனைக் குறைப்பதுதான் மருந்து.

பிள்ளைகள் நேருக்கு நேர் உட்கார வைத்தால் பேச மாட்டார்கள். “வா, உக்காரு, உன்கிட்ட கொஞ்சம் பேசணும்” என்றாலே அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது பேசுவார்கள். கார் வைத்திருப்பவர்கள் கார்ப் பயணத்தில் பிள்ளை பேசுகிறான் என்பார்கள். நமக்கு ஈரடுக்குப் பேருந்தின் மேல்மாடி இருக்கிறதே! முன்வரிசையில் உட்கார்ந்து இருவரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு போகும்போது வரும் பேச்சு வேறு. இரவு ஒன்பதரைக்கு “கீழ போய் ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வரேன், வரியா?” என்று கேளுங்கள். மூன்று முறை வரமாட்டேன் என்பான். நான்காவது முறை பரோட்டாவுக்காக வருவான். வந்தால் பள்ளிக்கூடப் பேச்சே எடுக்காதீர்கள். ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தாலும் அது வீண் போகாது. அடுத்த முறையும் விசாரணை இருக்காது என்பதை அவன் தெரிந்துகொண்டிருப்பான்.

எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியாவிட்டால், உங்களுக்கு உண்மையாகவே புரியாத ஒன்றை அவனிடம் கேளுங்கள். உங்கள் மகன் அணி ஒரு புது அணி. எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகள் இல்லாமல், ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று தனக்கேற்ற நிலையில் படிக்கும் பாடவாரியான வகைப்பாட்டில் 2024இல் உயர்நிலை ஒன்று சேர்ந்த முதல் மாணவர்கள் அவர்கள்தாம். 2027இல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக வரும் புதிய பொதுச் சான்றிதழ்த் தேர்வையும் அவர்கள்தாம் முதலில் எழுதப்போகிறார்கள். நாம் நம் காலத்து வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு வழி சொல்கிறோம். “இந்த ஜி2, ஜி3 எல்லாம் எனக்குச் சரியா விளங்கல, கொஞ்சம் சொல்லிக் குடேன்” என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் தனக்குத் தெரிந்தது பெரியவர்களுக்குத் தெரியவில்லை, அதை அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது ஒரு 15 வயதுப் பையனுக்குத் தரும் மதிப்பு கொஞ்சநஞ்சமில்லை. அத்தை மகனோடும் பக்கத்து புளோக் பையனோடும் ஒப்பிடுவதைப் பற்றி நான் தனியாக எழுதவில்லை. அதை நிறுத்த வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

மொழியைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் இது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் பாதிக்குமேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். பெற்றோர் தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்வது சாதாரணக் காட்சி. பிள்ளைக்குத் தெரிந்த தமிழ் பெரும்பாலும் வாய்மொழித் தேர்வுத் தமிழ். சுற்றுச்சூழலைப் பாதுகாப்பது பற்றி ஐந்து நிமிடம் பேசத் தெரியும். நண்பன் ஒதுக்கிவைத்தபோது நெஞ்சுக்குள் என்ன செய்தது என்று சொல்லச் சொற்கள் கிடையாது. சொல்ல வாயெடுத்து, பாதி ஆங்கிலம் பாதி தமிழாகத் தட்டுத்தடுமாறும்போது, “தமிழ்ல ஒழுங்காப் பேசு” என்றோ, லகர ளகரத்தைத் திருத்தியோ விட்டால் அவன் மறுபடி வாய் திறக்க மாட்டான். தமிழை நேசிப்பவளாகச் சொல்கிறேன்: அழுகிற பிள்ளையின் தமிழைத் திருத்தாதீர்கள். அவன் எந்த மொழியில் வருகிறானோ அந்த மொழியில் வரட்டும். நீங்கள் உங்கள் தமிழில் பதில் சொல்லுங்கள். ‘வெறுப்பா இருக்கா, இல்ல பயமா இருக்கா?’, ‘ஏமாத்திட்டாங்கன்னு தோணுதா?’, ‘பதற்றமா இருக்கா?’ என்று உணர்வுச் சொற்கள் உங்கள் வாயிலிருந்து வந்தால், அவை மெதுவாக அவனுக்கும் ஒட்டிக்கொள்ளும். தமிழ் நிலைப்பதற்கும் அதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். மனத்தைக் கொட்ட உதவிய மொழியை யாரும் எளிதில் விடுவதில்லை.

தமிழில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. குடும்பங்களுக்கான பயிற்சிகளை 1962இல் அமெரிக்காவில் தொடங்கிய தாமஸ் கார்டன், ‘நீ இப்படி’ என்று குற்றம் சொல்வதற்குப் பதில் ‘நான் இப்படி உணர்கிறேன்’ என்று சொல்லும் முறையைப் பரப்பினார். ஆங்கிலத்தில் அதைப் பயிற்சி எடுத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. நமக்கோ ‘எனக்கு’ என்று தொடங்கினால் உணர்வு தானாக வந்து நிற்கிறது. “எத்தனை தடவ போன் பண்றேன், எடுக்கணும்னு அறிவில்ல?” என்பதை “பத்தரைக்கும் நீ போன் எடுக்கலன்னதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சுடா” என்று மாற்றிப் பாருங்கள். முதலாவதற்கு அவன் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதை அவன் எதிர்த்து வாதிட எதுவும் இல்லை; உங்கள் வயிற்றைக் கலக்கியது உங்களுக்குத்தானே தெரியும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ‘எனக்கு நீ பொய் சொல்றேன்னு தோணுது’ என்பது ‘எனக்கு’ என்று தொடங்கினாலும் குற்றச்சாட்டுதான்.

கைப்பேசியைப் பற்றிக் கேட்டீர்கள். அவனுக்குத் தெரியாமல் எடுத்துப் படிக்காதீர்கள் என்பது என் கருத்து. நீங்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நண்பர்களின் கெட்ட வார்த்தைகளாக இருக்கும். அவன் கண்டுபிடிப்பது தன் தாய் ஒளிந்து பார்த்தாள் என்பதை. மேலே சொன்ன கணக்கில் அது பெரிய இழப்பு. ஆனால் சில நேரங்களில் தயங்கக் கூடாது. முகம் தெரியாத யாரோ படம் கேட்கிறார்கள், பணம் கேட்டு மிரட்டுகிறார்கள், உயிரை விடுவது பற்றிய பேச்சு இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் பாருங்கள். பார்த்துவிட்டு அன்றே அவனிடம் சொல்லுங்கள்: “பாத்தேன். பயந்துதான் பாத்தேன். திட்ட மாட்டேன், சேந்து என்ன செய்யலாம்னு பாப்போம்.”

இனி உங்கள் கணவர். அவர் மோசமான தகப்பன் என்று நீங்கள் எழுதவில்லை; எனக்கும் அப்படித் தோன்றவில்லை. நம் அப்பாக்கள் பலருக்குக் கவலை கோபமாகத்தான் வெளியே வரும், வேறு உருவத்தில் வரப் பழக்கமில்லை. தம்பதியர் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆய்வகத்தில் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன் ஒன்றைக் கவனித்தார். வாக்குவாதத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும்போது மனிதரால் எதிராளி சொல்வதை உள்வாங்க முடிவதில்லை. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் ஆகிறது. அவர் பார்த்தது கணவன் மனைவியரை. ஆனால் கத்திக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் மரம்போல் நிற்கும் மகனுக்கும் இது அப்படியே பொருந்துவதை நான் பார்த்திருக்கிறேன். மரம்போல் நிற்பவன் மதிக்காமல் நிற்கவில்லை. அவனுக்குள்ளும் இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் “நான் பேசிக்கிட்டே இருக்கேன், பதில் சொல்றானா பாரு” என்று தொடர்வதில் யாருக்கும் பயனில்லை.

கணவரிடம் அமைதியான ஒரு நேரத்தில், பையன் இல்லாதபோது, ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். குரல் உயர ஆரம்பித்தால் அவர் கீழே இறங்கிப் புளோக்கைச் சுற்றி இரண்டு சுற்று நடந்துவிட்டு வரட்டும். ஆனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: “எனக்கு இப்பக் கோவமா இருக்கு. அரை மணி நேரம் கழிச்சு வந்து பேசுறேன்.” சொல்லாமல் கதவை அறைந்துவிட்டுப் போனால் அது தண்டனை. சொல்லிவிட்டுப் போய், சொன்ன நேரத்துக்குத் திரும்பினால், கோபத்தை எப்படிக் கையாள்வது என்ற பாடத்தைப் பையன் கண்ணால் பார்க்கிறான். பையனுக்கும் அதே உரிமை வேண்டும். அவன் “அப்புறம் பேசலாம்பா” என்றால் “எப்ப?” என்று மட்டும் கேட்டு விட்டுவிட வேண்டும்.

அத்துமீறிப் பேசிவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும். ‘மன்னிச்சிடு’ என்ற சொல் பல அப்பாக்களுக்கு வாயில் வராது. பரவாயில்லை. “நேத்து ஃபிரெண்ட்ஸ் முன்னாடி அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அது என் தப்பு” என்றால் போதும். ‘ஆனா நீயும்...’ என்று ஒரு வால் சேர்க்கக் கூடாது. வால் சேர்ந்தால் முன்னால் சொன்னது அழிந்துவிடும். மாமியாரைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. பல வீடுகளில் பாட்டிதான் பிள்ளை கடைசிவரை பேசும் ஆள். பேரனைப் பற்றிய குறையை அவன் காதுபடப் பேச வேண்டாம் என்று மட்டும் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை உங்கள் மகனோ அவன் வயதுப் பிள்ளைகளோ படிக்க நேர்ந்தால், தம்பி, தங்கச்சி, உங்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன். பேச்சின் பாரம் முழுவதும் பெற்றோர் தலையில் இல்லை. அப்பா அம்மாவுக்கு உங்கள் மனத்தைப் படிக்கத் தெரியாது. தெரியாத இடத்தை அவர்கள் பயத்தால் நிரப்பிக்கொள்கிறார்கள். பேசத் தொடங்கும் முன் என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். “அம்மா, இதுக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், கேட்டா மட்டும் போதும்.” இந்த ஒரு வரி பல சண்டைகளை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து வந்தவரிடம் வாசலிலேயே அனுமதி கேட்காதீர்கள், சாப்பிட்டு முடிக்கட்டும். வெளியே போக வேண்டுமென்றால் யாருடன், எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தாமதமானாலும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அப்படி நாலு முறை நடந்தால் ஐந்தாவது முறை கேள்விகள் குறையும். நம் வீடுகளில் மாற்றுக் கருத்துச் சொன்னாலே ‘எதிர்த்துப் பேசாதே’ என்று வருவது உண்மை. அது நியாயமில்லைதான். ஆனால் “நீங்க சொல்றது புரியுதுப்பா. நான் நினைக்கிறதையும் ஒரு நிமிஷம் சொல்லட்டுமா?” என்று கேட்டால் முடியாது என்று சொல்லும் அப்பாக்கள் குறைவு. முகம் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதிக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட செய்தியாகத்தான் என் மகன் தேசிய சேவையில் இருந்தபோது தன் மனக்கஷ்டத்தை எனக்குச் சொன்னான். வார இறுதியில் வீட்டுக்கு வந்தபோது அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது.

பேச்சு மட்டும் போதாத நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமோ சாப்பாடோ அடியோடு மாறிவிட்டது, பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிட்டான், கையில் வெட்டுக் காயங்கள் இருக்கின்றன, நல்ல பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறான், ‘நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்’ என்கிறான் என்றால் காத்திருக்காதீர்கள். நேரடியாகவே கேளுங்கள்: “செத்துப் போகணும்னு தோணுதா?” அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று பல தாய்மார்கள் பயப்படுகிறார்கள். உண்டாக்காது. கேட்டதே பெரிய ஆறுதலாக இருந்தது என்றுதான் பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போலிஸ் வழக்காகிவிடும் என்ற பழைய பயமும் சிலருக்கு இருக்கிறது. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம் இல்லை. தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மனநல உதவிக்கான தேசிய எண் 1771. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார். 16 முதல் 30 வயது வரையானவர்களுக்கு ஆர்ச்சர்ட் ஸ்கேப் கட்டடத்தில் ‘சாட்’ என்ற இலவச மனநல மதிப்பீட்டுச் சேவை இருக்கிறது. தமிழிலேயே பேச வேண்டும் என்றால் இங்குள்ள இந்தியர்களுக்காக 1991 முதல் இயங்கிவரும் சிண்டா அமைப்பின் குடும்ப சேவை நிலையத்தை நாடலாம். அங்கே போவதை உறவினர்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதை இந்த ஒரு விஷயத்திலாவது தள்ளி வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அறிகுறி எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆகவே இந்த வாரத்துக்கு இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள். அவன் அறைக் கதவைத் திறக்கும் முன் தட்டி, “வரலாமாடா?” என்று கேட்டு, அவன் பதில் சொல்லும்வரை வெளியே நில்லுங்கள். அப்புறம், உள்ளே போகும்போது கையில் ஏதாவது தின்ன எடுத்துக்கொண்டு போங்கள். மேசையில் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து என்ன நடந்தது என்று எழுதுங்கள். அவன் பேசவில்லை என்றாலும் எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.